தவளைத் தோலில் செய்ததை ரோபோ என்று ஒத்துக்கொள்ளலாமா?

பாலாற்று மணல் | இரவு 9.12

கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விலங்கியல் படித்தவன். சத்துவாச்சாரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். தங்கை வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வெல்டிங் ரோபோ பார்ப்பவர். போன ஞாயிறு ஆம்பூரில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தோம். இலை எடுக்கிற வரைக்கும் சண்டை. அந்தச் சண்டையைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

விஷயம் இது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெவின் என்று ஒரு விஞ்ஞானி. கரு எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவர். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஜோஷ் போங்கார்ட், ரோபோ ஆள். இவர்களும் சாம் க்ரீக்மன், டக்ளஸ் பிளாக்கிஸ்டன் இருவரும் சேர்ந்து 2020 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்க நகத் தவளையின் கருவிலிருந்து செல்களை எடுத்து ஓர் உருவம் செய்திருக்கிறார்கள். தவளையின் அறிவியல் பெயர் ஸீனோபஸ் லேவிஸ், அதனால் அந்த உருவத்துக்கு ஸீனோபாட் என்று பெயர். அகலம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு.

செய்த விதம்தான் சுவாரசியம். தோல் செல் சும்மா இருக்கும், இதயத் தசைச் செல் தானாகத் துடிக்கும். இந்த இரண்டையும் செங்கல் மாதிரி எப்படி அடுக்கினால் உருவம் நகரும் என்று கணினியில் கண்டபடி அடுக்கிப் பார்க்கிறார்கள். நகராததைத் தூக்கிப் போட்டு, நகர்வதைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டுகிறார்கள். பரிணாமம் போலத் தலைமுறை தலைமுறையாக. கடைசியில் தேறிய வடிவத்தை பிளாக்கிஸ்டன் நுண்நோக்கிக்குக் கீழே, குட்டி இடுக்கியும் மின்முனையும் வைத்து நிஜச் செல்லில் செதுக்குகிறார். அது தண்ணீரில் நகர்ந்தது. கிட்டத்தட்டப் பாதியாக வெட்டினால் தானே ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை சொல்கிறார், இது ரோபோ இல்லை என்று. நான் சொல்கிறேன், ரோபோவா இல்லையா என்பதைவிட அதற்குள் இருக்கும் கேள்வி பெரியது என்று. நீங்கள் சொல்லுங்கள்.


ஆறு அச்சு | இரவு 9.40

அந்த மாப்பிள்ளை நான்தான். மச்சான் பாதியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்.

ரோபோ என்றால் என்ன? கையில் டீச் பெண்டன்டை, அதாவது ரோபோவுக்குப் பாடம் சொல்லும் கைக்கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாயின்ட்டாகச் சொல்லிக் கொடுக்கிறேன். இங்கே வா, இந்தக் கோணத்தில் திரும்பு, இவ்வளவு வினாடி நில். அதை அது பத்தாயிரம் தடவை அப்படியே செய்யும். செய்தால்தான் ரோபோ. இவர் சொல்கிற தவளைக் கட்டிக்கு 'இடது பக்கம் போ' என்று சொன்னால் போகுமா? போகாது. தட்டில் அது பாட்டுக்குச் சுற்றும். அதை மீன்குஞ்சு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.


கோட்டை அகழி | இரவு 9.44

அகழியில் நாலு விட்டால் பாசியைத் தின்னுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.


பாலாற்று மணல் | இரவு 10.05

@கோட்டை அகழி: தின்னாது. அதற்கு வாயே இல்லை. கருவில் ஏற்கெனவே இருந்த மஞ்சள்கரு தீர்கிற வரை ஓடும், சுமார் ஒரு வாரம். அப்புறம் செத்த தோல் செல்தான்.

@மாப்பிள்ளை: சொன்னபடி செய்கிற ரோபோ என்றீர்கள். போன மாதம் வீட்டுக்கு வந்து புலம்பினீர்களே, அதை நீங்களே இங்கே எழுதுங்கள்.


ஆறு அச்சு | இரவு 10.21

இதற்குத்தான் சொந்தக்காரர்களோடு ஒரே தளத்தில் இருக்கக் கூடாது.

சரி, எழுதுகிறேன். இரவு ஷிஃப்ட். பாகத்தைப் பிடித்திருக்கும் ஜிக்கில் ஒரு பின் தேய்ந்துபோய் 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. ரோபோவுக்கு அது தெரியாது. நான் சொல்லிக் கொடுத்த பாயின்ட்டுக்குச் சரியாக வந்து, சரியான கோணத்தில், சரியான வேகத்தில், காற்றுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கம்பி பாகத்தின் ஓரத்தில் ஒட்டி, கொஞ்சம் கீழே சொட்டி, பார்க்கவே பாவமாக இருந்தது. காலையில் பார்த்தால் ஒரு டிராலி நிறைய ரிஜெக்ட். மேலே இருப்பவர் என்னைக் கேட்டாரே தவிர ரோபோவைக் கேட்கவில்லை.

ஆனால் இது அதற்குப் பதில் ஆகாது. கேமரா வைத்தால் தீர்ந்தது. வாங்கித் தரவில்லை, அவ்வளவுதான்.


பாலாற்று மணல் | இரவு 10.48

கேமரா வைக்கலாம். ஆனால் ஜிக் நகராமல் ரோபோவின் கையே முழங்கையோடு உடைந்தால்? போங்கார்ட் 2006-லேயே இதைத்தான் செய்து பார்த்தார். நாலு கால் ரோபோ ஒன்று, தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்படவில்லை. அது கொஞ்சம் அசைந்து பார்க்கும், உடம்பு எப்படிச் சாய்ந்தது என்று கவனிக்கும், 'நான் இப்படித்தான் இருப்பேன் போல' என்று தனக்குள் ஒரு படம் போட்டுக்கொள்ளும். அந்தப் படத்தை வைத்து நடக்கும். பிறகு ஒரு காலின் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். மறுபடி அசைந்து பார்த்து, படத்தைத் திருத்தி, நொண்டி நொண்டி நடந்தது.

அதைச் செய்த ஆள் கருவியலாளரிடம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கரு தினமும் செய்கிற வேலை அது.

லெவின் பக்கமிருந்து ஓர் உதாரணம். தலைப்பிரட்டையின் முகத்தில் கண், தாடை எல்லாம் இடம் மாறிக் கிடக்கும்படி செய்தார்கள், 2012-ல். தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது முக உறுப்புகள் நகரும், நமக்குத் தெரியும். ஒவ்வொரு உறுப்பும் 'இத்தனை தூரம், இந்தத் திசை' என்று மனப்பாடமாக நகர்ந்தால், தப்பான இடத்தில் தொடங்கியவை தப்பான இடத்தில்தான் முடிய வேண்டும். மாப்பிள்ளையின் ரோபோ மாதிரி. ஆனால் பெரும்பாலான முகங்கள் ஏறக்குறைய சரியான தவளை முகமாகவே வந்து நின்றன. வழக்கமில்லாத பாதையில் போய்ச் சேர்ந்தன. சில தாண்டிப் போய்த் திரும்பியும் வந்தன.


சாக்பீஸ் | இரவு 11.30

முப்பத்தோரு வருடம் கருவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

தம்பி ஆர்வமாக எழுதியிருக்கிறார், பாராட்டு. ஆனால் புதுப் பெயர் வைத்தால் பழைய பொருள் புதிதாகிவிடாது. தவளையின் கருக்கோளத்தின் மேல் தொப்பியை வெட்டி உப்புக் கரைசலில் போட்டால் அது உருண்டு, சிலியா என்ற நுண்மயிர்கள் முளைத்து, சுழலும். கருவியல் ஆய்வகத்துக்கு இது பல பத்தாண்டுப் பழக்கம். 1907-ல் வில்சன் கடல் பஞ்சு என்ற உயிரை மெல்லிய பட்டுத் துணியில் பிழிந்து செல் செல்லாகப் பிரித்தார். பிரிந்த செல்கள் கூடி மறுபடி பஞ்சு ஆயின. 1892-ல் டிரீஷ் கடல் முள்ளெலியின் இரண்டு செல் கருவைக் குலுக்கிப் பிரித்தார். அரை உயிர் வரும் என்று நினைத்தார், ஒவ்வொன்றும் முழு உயிராக வந்தது. 1924-ல் ஸ்பீமனும் மாங்கோல்டும் நியூட் என்ற, தவளைக்கு உறவான வாலுள்ள உயிரின் கருவில் ஒரு துண்டை இடம் மாற்றி வைத்து இரண்டாவது உடல் அச்சையே எழுப்பினார்கள். ஸ்பீமனுக்கு 1935-ல் நோபல். இவர்களில் யாரும் ரோபோ என்று சொல்லவில்லை.

அப்புறம் 2021 நவம்பரில் 'தானே இனப்பெருக்கம் செய்யும் ரோபோ' என்று உலகப் பத்திரிகை எல்லாம் போட்டது. படித்துப் பார்த்தீர்களா? தட்டில் தவளை மூலச்செல்லைத் தூவி வைப்பார்கள். இந்த உருண்டை சுற்றும்போது செல்கள் குவியலாகச் சேரும். குவியல் சில நாளில் இன்னொரு உருண்டை ஆகும். செல்லை யார் தந்தது? தவளை. மாவு பிசைந்து கொடுத்தால் கொழுக்கட்டை கொழுக்கட்டையைப் பிடிக்கிறது என்று சொல்வீர்களா?


கோட்டை அகழி | இரவு 11.34

கொழுக்கட்டை பிடிக்கிற கொழுக்கட்டை. எங்கள் வீட்டுக்கு ஒன்று.


பாலாற்று மணல் | காலை 6.50

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் தூங்கவில்லை.

தொப்பி விஷயம் சரி. நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு. 2021 மார்ச்சில் வந்த இரண்டாம் வகை ஸீனோபாட் நீங்கள் சொன்னதற்குக் கிட்டத்தட்ட அதுவேதான். செதுக்கவே இல்லை, செல்களே கூடி உருண்டையாகின்றன. கருவின் தோலில் கோழையை நகர்த்துவதற்காக இருக்கும் சிலியா, இங்கே துடுப்பாகிவிடுகிறது. அதோடு ஒரு சின்ன ஞாபகத்தையும் சேர்த்தார்கள். பச்சையாக ஒளிரும் ஒரு புரதம், ஊதா ஒளி பட்டால் சிவப்பாகும். உருண்டை அந்த ஒளி வழியாகப் போய் வந்ததா என்று பிற்பாடு நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஞாபகம் என்பது பெரிய வார்த்தைதான். பஸ் டிக்கெட்டில் கண்டக்டர் கிழித்த ஓரம் மாதிரி.

கொழுக்கட்டையிலும் ஐயா சொல்வது பாதி சரி. வெறும் உருண்டைகள் பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டன. கணினியிடம் கேட்டார்கள், எந்த வடிவம் என்றால் அதிகம் குவிக்கும் என்று. அது சொன்ன வடிவம் ஒரு பக்கம் வாய் பிளந்த உருண்டை, அரைவட்டம் மாதிரி. அப்படிச் செதுக்கிவிட்டதும் நாலு தலைமுறை வரை போனது. மாவு தவளையுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லையே. தவளைக் குலத்தில் எந்தப் பாட்டியும் இப்படிக் குட்டி போட்டதில்லை.

எனக்கு லெவினிடம் பிடித்தது ஸீனோபாட்கூட இல்லை, தட்டைப்புழு. பிளனேரியாவை வெட்டினால் வளரும், எல்லோருக்கும் தெரியும். தலைப் பக்கம் தலை, வால் பக்கம் வால். லெவின் குழு என்ன செய்தது? செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே மின் அயனி போய்வரும் சந்துகளைக் கொஞ்ச நேரம் மருந்தால் அடைத்தது. வெட்டிய துண்டு இரண்டு தலையோடு வளர்ந்தது. இதுவரை சரி. வாரக்கணக்கில் கழித்து, மருந்தே இல்லாத வெறும் தண்ணீரில், அந்த இரண்டு தலையையும் வெட்டி எறிந்தார்கள். நடுத்துண்டு மறுபடி இரண்டு தலையோடு வளர்ந்தது. மறுபடி வெட்டினாலும் அதேதான். டி.என்.ஏ. மாறவில்லை. அப்படியானால் 'எனக்கு எத்தனை தலை' என்ற கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? செல் கூட்டத்தின் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி இருக்கிறது என்கிறார் லெவின். ஐயா, இது டிரீஷிடம் இல்லையே?


சாக்பீஸ் | காலை 7.15

டிரீஷிடம் கேள்வி இருந்தது. விடை கிடைக்காமல் அவர் கடைசியில் உயிர்ச்சக்தி, அது இது என்று போய்விட்டார். புழுச் சோதனை நல்ல சோதனை. அதை நான் குறை சொல்லவில்லை. ரோபோ என்ற வார்த்தையைத்தான் சொன்னேன்.


ஒட்டுச்செடி | காலை 7.32

அணைக்கட்டுப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி தெரியும்தானே. கத்தரிக்கு வேரில் வாடல் நோய் வந்தால் வயலே போய்விடும். அதனால் சுண்டைக்காய் நாற்றைப் பாதியில் வெட்டி, அதன் மேல் கத்தரிக் கொழுந்தைச் சீவி வைத்து கிளிப் போடுகிறோம். வெயில் படாமல், ஈரம் காயாமல் ஒரு வாரம் பத்து நாள் மூடி வைக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் வேர் சுண்டை, காய் கத்தரி. தண்டுக்குள் குழாயோடு குழாயை நான் இணைக்கவில்லை. என் கையில் இருப்பது பிளேடும் கிளிப்பும்தான். மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. தவளைக்கும் அதே மாதிரிதானா?


பாலாற்று மணல் | காலை 8.02

அண்ணே, நான் நேற்றிலிருந்து சுற்றி வளைத்துச் சொன்னதை நீங்கள் பிளேடும் கிளிப்புமாகச் சொல்லிவிட்டீர்கள். கிட்டத்தட்ட அதேதான். மாப்பிள்ளை ஒவ்வொரு பாயின்ட்டாகச் சொல்லிக் கொடுக்கிற ஆள். நீங்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டு நிழலில் விடுகிற ஆள். லெவின் உங்கள் கட்சி.


வாணியம்பாடி அம்மா | காலை 9.10

எல்லாரும் மன்னிக்கணும். என் பெண் பன்னிரண்டாவது, பயாலஜி மேத்ஸ். ரோபோடிக்ஸ் போகணும் என்கிறாள், அவள் அப்பா பயாலஜி என்கிறார். இந்த லெவின் சார் எதைப் படித்தார்?


பாலாற்று மணல் | காலை 9.31

இரண்டையும் படித்தார் அக்கா. டஃப்ட்ஸில் கணினி அறிவியலும் உயிரியலும் சேர்த்து இளங்கலை. பிறகு ஹார்வர்டில் மரபியலில் முனைவர் பட்டம். கருவில் இடது எது, வலது எது என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது, இதயம் ஏன் இடப்பக்கம் சாய்கிறது என்பதுதான் அப்போது அவருடைய வேலை, கோழிக் கருவில். அதனால் உங்கள் வீட்டுச் சண்டையில் இரண்டு பேருக்கும் தோல்வி இல்லை.

இங்கே சேரும்போது ஏதாவது ஒரு பெயரில்தான் சேர முடியும். எதில் சேர்ந்தாலும் இன்னொன்றை விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.


ஆறு அச்சு | காலை 9.50

அக்கா, ரோபோடிக்ஸே போகட்டும். ஆனால் இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று சொல்லுங்கள்.


பெயர் வேண்டாம் | காலை 11.20

ஒரு கேள்வி. தவளைக்கு வெட்டின கால் திரும்ப வளர்ந்தது என்று படித்தேன். இவருடைய ஆராய்ச்சிதான் போல. தொழுநோயில் விரல் போனவர்களுக்கு அது வருமா? எங்கள் பெரியப்பாவுக்காகக் கேட்கிறேன்.


கரிகிரி பஸ் | மதியம் 1.15

நான் பிசியோதெரபிஸ்ட். தொழுநோய்க் கைகளோடு பல வருடம் வேலை செய்தவள். கேட்டவருக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு இல்லை. 2022 ஜனவரியில் வந்த ஆய்வு அது. வளர்ந்த தவளையின் வெட்டிய காலில் ஐந்து மருந்து கலந்த பட்டுப்புரத ஜெல்லை ஒரு சிலிகான் தொப்பியில் வைத்து 24 மணி நேரம் மாட்டினார்கள். பிறகு கழற்றிவிட்டார்கள். 18 மாதம் கால் வளர்ந்துகொண்டே இருந்தது. முழுசாக இல்லை. விரல்கள் வந்தன, உள்ளே எலும்பு சரியாக வரவில்லை. ஆனாலும் தவளை அந்தக் காலால் நீந்தியது, தொட்டால் உணர்ந்தது. மனிதருக்கு இன்னும் ரொம்ப தூரம்.

அந்த 'தொட்டால் உணர்ந்தது' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். வேலூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் இங்கே வந்தார். அப்போது எல்லோரும் நினைத்தது, நோய் விரலை அழுக வைக்கிறது என்று. அவர் பார்த்துச் சொன்னது, நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை, வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள், புண் மேல் புண் பட்டு விரல் தேய்கிறது என்று. உணர்ச்சி இல்லாத புது விரல் முளைத்தால் அதுவும் ஒரு நாள் அடுப்பில் போகும். அதனால் பெரியப்பாவிடம் சொல்லுங்கள், இருக்கிற விரலைத் தினம் கண்ணால் பார்க்க வேண்டும். தண்ணீரில் ஊற வைத்து எண்ணெய் தடவ வேண்டும். டம்ளரைத் துணியோடு பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. ரோபோவா இல்லையா என்று பேசுகிறீர்கள். 1948-லிருந்து பிராண்ட் செய்த அறுவை தெரியுமா? விரலை இயக்கும் சின்னத் தசைகள் செயலிழந்து விரல் மடங்கிக்கொள்ளும். ஆனால் முன்கைத் தசை நன்றாக இருக்கும். அந்த நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, நீட்டி, விரல்களுக்கு இணைப்பார்கள். இதில் பல முறைகள் உண்டு. ஒரு முறையில் எடுப்பது மணிக்கட்டைத் தூக்கும் தசை. பிறந்ததிலிருந்து அதற்கு அது ஒன்றுதான் தெரியும்.

கட்டுப் பிரித்த பிறகு வேலை எங்களுடையது. நோயாளியிடம் 'விரலை மடக்கு' என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. விழித்துப் பார்ப்பார். 'மணிக்கட்டைத் தூக்குவதாக நினையுங்கள்' என்போம். விரல்கள் அடிமூட்டில் மடங்கி, நுனி நிமிரும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், யாரோ வேறொருவர் கை அசைகிற மாதிரி பார்ப்பார். கொஞ்ச நாள் நினைத்து நினைத்துச் செய்வார். பிறகு ஒரு நாள் நான் காபி நீட்டினால் வாங்கிக்கொள்வார். வாங்கின பிறகு மணிக்கட்டைப் பற்றி நினைத்தீர்களா என்று கேட்டால், 'எந்த மணிக்கட்டு?' என்பார்.

அந்தத் தசைக்குப் புது வேலையை நாண் நாணாக யாரும் எழுதித் தரவில்லை. துடுப்பாகிப் போன சிலியாவைப் படித்தபோது எனக்கு அந்தக் காபி டம்ளர்தான் ஞாபகம் வந்தது.


சாக்பீஸ் | மதியம் 2.05

அம்மா, உங்கள் உதாரணத்தில் மூளை இருக்கிறது. கற்றுக்கொண்டது மூளை. ஸீனோபாட்டில் நரம்பே இல்லை. இரண்டையும் ஒன்றாக வைப்பது சரியா?


கரிகிரி பஸ் | மதியம் 2.40

சரியில்லை ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறுப்பு இடம் மாறினால் பழைய வேலையோடு நின்றுவிடுவதில்லை என்பது இரண்டிலும் இருக்கிறது. எப்படி என்பது வேறு வேறு.


பாலாற்று மணல் | மாலை 4.20

நடுவில் ஒன்று இருக்கிறது ஐயா. 2013-ல் பிளாக்கிஸ்டனும் லெவினும் தலைப்பிரட்டையின் வால் பக்கம் ஒரு கண்ணை ஒட்டினார்கள். தலையில் கண் இல்லை. அந்தக் கண்ணின் நரம்பு மூளைக்குப் போகவில்லை. ஆனாலும் அது தண்டுவடத்தோடு இணைந்த தலைப்பிரட்டைகளில் சில, நிற ஒளியைப் பார்த்து விலகக் கற்றுக்கொண்டன. எந்த மூளையும் முதுகிலிருந்து பார்வை வரும் என்று எதிர்பார்த்திருக்காது.

இப்போது மனிதச் செல்லிலும் வந்துவிட்டது. 2023-ல் வளர்ந்த மனிதரின் மூச்சுக்குழாய்ச் செல்களைத் தனியே வளர்த்தார்கள். அவை உருண்டு, சிலியா வெளிப்பக்கம் வரும்படி திரும்பி, நகர்ந்தன. ஆந்த்ரோபாட் என்று பெயர். தட்டில் நரம்புச் செல் படலத்தில் கீறல் போட்டு இவற்றைக் கூட்டமாக மேலே விட்டால், இவை இருந்த இடத்துக்குக் கீழே கீறல் இணைந்தது. ஏன் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இது தட்டில் நடந்தது, உடம்பில் இல்லை. பெரியப்பாவுக்காகக் கேட்டவர் இதைப் பார்த்து ஆசைப்பட்டுவிடக் கூடாது என்றுதான் அழுத்திச் சொல்கிறேன்.


கோட்டை அகழி | மாலை 4.31

சீரியஸாகவே கேட்கிறேன். ராணிப்பேட்டையில் கிடக்கிற குரோமியக் கழிவை இது எடுக்குமா? பிளாஸ்டிக் துகள் பொறுக்கும் என்று எங்கேயோ போட்டிருந்தார்கள்.


ஆறு அச்சு | மாலை 5.02

இதற்கு நான் பதில் சொல்கிறேன், மச்சான் ஆசையில் ஏதாவது சொல்லிவிடுவார். தட்டில் துகள்களைக் குவித்தது, உண்மை. அதிலிருந்து பாலாற்றுக்கு வருவது வேறு. ஒரு வாரத்தில் செத்துப்போகிற, உணவு தின்னாத, 1 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்றை எத்தனை கோடி விடுவீர்கள்? அந்தக் கழிவுக்கு லாரி வேண்டும், ஸீனோபாட் இல்லை.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். தேய்ந்த பின் கதைக்குப் பிறகு யோசித்தேன். என் ரோபோவுக்கு அந்தத் தலைப்பிரட்டை மூஞ்சியின் புத்தி கொஞ்சம் இருந்திருந்தால் டிராலி நிறைந்திருக்காது. ரோபோ என்ற பெயரை மட்டும் தர மாட்டேன்.


சாக்பீஸ் | மாலை 5.20

நானும் தர மாட்டேன். ஒரு கட்சியில் இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

மணல் தம்பி, நீங்கள் சத்துவாச்சாரி என்றீர்கள். நான் இரண்டாம் தெரு தள்ளித்தான் இருக்கிறேன். என் கருவியல் நோட்டு இருக்கிறது, ஸ்பீமன் சோதனைப் படமெல்லாம் கையால் வரைந்தது. பிள்ளைகளுக்குக் காட்டலாம். சனிக்கிழமை காலை வாருங்கள். ஒட்டுச்செடி ஐயாவும் சந்தைக்கு வந்தால் ஒரு சுண்டைக் கத்தரி நாற்று கொண்டுவரட்டும். கிளிப்பைக் கழற்றாமல்.


ஒட்டுச்செடி | மாலை 6.08

கொண்டுவருகிறேன் ஐயா. ஒட்டு ஆறாம் நாள் ஆன நாற்று இருக்கிறது. பஸ்ஸில் ஆடாமல் வர வேண்டும், அதுதான் யோசனை.